இலந்தை இலையில் ஒரு கேஸ் ஷீட்

இந்த முறை டெங்கு, பிபி, சுகர் எதுவும் இல்லை. ஒரு பூச்சியைப் பத்தின த்ரெட். சிறகை விரிச்சா முனைக்கு முனை நாலு மில்லிமீட்டர்தான் வரும். கொஞ்சம் நீளமாப் போகும், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

வீட்டுல எலுமிச்சைக் கன்று இருக்கா? இளம் இலைகள்ல நத்தை ஊர்ந்துபோன தடம் மாதிரி வெள்ளியா ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், இலை சுருண்டுக்கும். அந்தக் கோடு இலைக்கு மேல இல்லை, உள்ளே. ஒரு தாளை விட மெல்லிசான இலைக்குள்ள, தோலுக்குக் கீழே ஒரு புழு சாப்பிட்டுக்கிட்டே போன சுரங்கம் அது. அதைப் பண்றது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்கிற அந்துப்பூச்சி. 1856-ல் ஸ்டெய்ன்டன் என்கிற ஆங்கிலேயர் கல்கத்தாவிலிருந்து வந்த பூச்சிகளை வச்சு அதுக்குப் பெயர் கொடுத்தார். இன்னைக்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் வளர்ற நாடுகள்ல பெரும்பாலும் அது இருக்கு. ஓபிக்கு தினமும் வர்ற சளி, இருமல் மாதிரி. நான் சொல்ல வந்தது வேற கேஸ்.

நான் வேலை பார்க்கிறது ஒரு தாலுகா ஜிஎச். பிணவறைக்குப் பின்னாடி காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு இலந்தை மரம். யாரும் வச்சதில்லை, தானா முளைச்சது. போன நவம்பர்ல போஸ்ட்மார்ட்டம் முடிச்சுட்டு கை கழுவி வெளியே வந்து அஞ்சு நிமிஷம் அங்கே நின்னேன். இலந்தை இலையைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்: மேலே பளபளன்னு பச்சை, கீழே வெள்ளையா பஞ்சு மாதிரி ரோமம், காம்பிலிருந்து மூணு நரம்பு. அந்த நரம்புகளுக்கு நடுவுல நூல் மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது. எலுமிச்சையில் பாக்கிற வெள்ளிக் கோடு இல்லை. மங்கிய பழுப்பு, நடுவுல பென்சில்ல கிழிச்ச மாதிரி கறுப்பு.

இலைச்சுரங்கம் எனக்கு ஏன் பிடிக்கும்னா, அது முழு கேஸ் ஷீட். ஆரம்பத்துல ஒரு புள்ளி, அது முட்டை ஒட்டியிருந்த இடம். அட்மிஷன். அங்கிருந்து கோடு முடி அளவுல கிளம்பி, புழு வளர வளர அகலமாகும். வளர்ச்சி சார்ட். நடுவுல எச்சம், இன்டேக்-அவுட்புட் ரெண்டும் தெரியும். கடைசியில அரைவட்டமா ஒரு கீறல் இருந்தா டிஸ்சார்ஜ். கீறல் இல்லாம பாதியிலேயே நின்னா, உள்ளேயே முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். எங்க வார்டு கேஸ் ஷீட்கள்ல பாதி இவ்வளவு ஒழுங்கா இருக்காது.

எட்டு இலை பறிச்சேன். காய்ச்சல் சீசன், ஓபியில கூட்டம் கழுத்தை நெரிக்குது, அதனால மிச்ச வேலை எல்லாம் டூட்டி முடிஞ்சப்புறம்தான். எக்ஸ்ரே டிஜிட்டல் ஆனதுல இருந்து ஒரு பழைய வியூ பாக்ஸ் மூலையில சும்மா கிடக்குது. இலையை அதுல வச்சு லைட்டைப் போட்டா உள்ளே இருக்கிற எல்லாம் தெரியும். எட்டுல மூணுல உயிரோட புழு.

இப்ப முதல் கேள்வி: இது ஈயா, அந்துப்பூச்சியா? சுரங்கம் போடுற ஈக்களும் நிறைய. தக்காளி, வெள்ளரி இலையில பாம்பு மாதிரி நெளியற கோடு பெரும்பாலும் ஈயோட வேலை. ஈப்புழு ஒரு பக்கமா படுத்துக்கிட்டு சாப்பிடும், அப்பப்ப திரும்பிப் படுக்கும். அதனால எச்சம் பல சமயம் சுரங்கத்தோட ரெண்டு ஓரத்துலயும் மாறி மாறி விழும். அந்துப்பூச்சிப் புழு நேரா போகும், எச்சம் நடுவுல கோடா நிக்கும். இது மட்டும் போதாது. லேப் டெக்னீஷியன் கிட்ட கேட்டு, சளி ஸ்மியர் வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் மைக்ரோஸ்கோப்ல பாத்தேன். ஈப்புழுவுக்குத் தலைன்னு தனியா ஒண்ணு இருக்காது, ரெண்டு கறுப்புக் கொக்கி மட்டும். இதுக்குப் பழுப்பு நிறத்துல கெட்டியான தலை இருந்தது. ஆக, அந்துப்பூச்சி.

வளர்த்தாத்தான் மேற்கொண்டு தெரியும். யூரின் சாம்பிள் டப்பா மூணு எடுத்து, அடியில கொஞ்சம் சுத்தமான மணல், மேல ஈரமான டிஷ்யூ, அதுமேல இலை. டியூட்டி ரூம் மேசையில வச்சிருந்தேன். நைட் டூட்டி சிஸ்டர் வந்து பாத்துட்டு, "மேடம், லேபிள் இல்லாம சாம்பிள் வச்சிருக்கீங்க, யாரோடது?"ன்னு கேட்டாங்க. உள்ளே இலையைக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை. மறுநாள் வந்து பாத்தா மூணு டப்பாவுலயும் பிளாஸ்டர் ஒட்டி "இலந்தை 1, இலந்தை 2, இலந்தை 3", தேதி, நேரம் எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க. இந்த த்ரெட்ல இருக்கிற தேதிகள் சரியா இருக்குன்னா அவங்கதான் காரணம்.

ரெண்டு நாள்ல மூணு புழுவும் இலையோட மேல்பக்கமா கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சு. மஞ்சள் கலந்த வெளிர்பச்சை, அஞ்சு மில்லிமீட்டர்கூட இல்லை. டிஷ்யூ மடிப்புல தட்டையா ஒரு கூடு கட்டிக்கிச்சு. அப்புறம் காத்திருப்பு.

இலந்தை 1 அப்படியே நின்னுபோச்சு. இலந்தை 2-ல் இருந்து பதினாறாம் நாள் பச்சையா உலோகம் மாதிரி மின்னுற ஒரு குளவி வந்தது. ஒட்டுண்ணிக் குளவி. இலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற புழுவை மோப்பம் பிடிச்சு அதுக்குள்ள முட்டை வைக்கிற ஜீவன். சுரங்கத்தை வளர்க்கிறவங்களுக்குப் பூச்சியை விடக் குளவிதான் அதிகம் கிடைக்கும்னு படிச்சிருக்கேன், நம்ம டப்பாவுல பாக்கும்போது வயிறு கலங்குது.

இலந்தை 3, பத்தொன்பதாம் நாள். டப்பாச் சுவர்ல ஒரு தூசி. தூசி நடந்தது.

மொபைல்ல கிளிப் மேக்ரோ லென்ஸ் மாட்டி நாப்பது போட்டோ எடுத்தேன். தலையில மஞ்சளா ஒரு குடுமி. சிறகு வெண்கல நிறம். உணர்கொம்போட அடிப்பகுதி கிண்ணம் மாதிரி அகலமாகி, கண்ணை மூடியிருக்கு. பூச்சிக்காரங்க இதைக் கண்மூடின்னு சொல்வாங்க. கண்மூடி வேற சில குடும்பங்களுக்கும் உண்டு. ஆனா இந்த அளவு, இந்தக் குடுமி, இந்தச் சுரங்கம், வெளியே வந்து கூடு கட்டின விதம் எல்லாம் சேர்த்துப் பாத்தா ஒரே குடும்பம்தான்: நெப்டிகுலிடே. அந்துப்பூச்சிகள்லயே மிகச் சின்னதுங்க இதுலதான் இருக்கு. உலகம் முழுக்க 850-க்கும் மேல இனங்களுக்குப் பெயர் வச்சிருக்காங்க. இதுங்க போட்ட மாதிரியே சுரங்கம் சுமார் 9.7 கோடி வருஷத்துக்கு முந்தின புதைபடிவ இலைகள்ல அமெரிக்காவில கிடைச்சிருக்கு. டைனோசர் காலத்துல ஆரம்பிச்ச தொழில்.

குடும்பம் தெரிஞ்சுடுச்சு. இனம்? அங்கதான் சிக்கல். இந்தக் குடும்பத்துல பல இனங்கள் வெளியே பாக்க ஒண்ணு போலவே இருக்கும். வயித்துப் பகுதியைத் தனியா எடுத்து, 10% கேஓஎச்-ல் ஊற வச்சு, சதையெல்லாம் கரைஞ்சப்புறம் பிறப்புறுப்போட வடிவத்தைப் பாத்துதான் சொல்ல முடியும். ஆமா, அதே கேஓஎச். படர்தாமரைன்னு வர்றவங்க தோலைச் சுரண்டி கண்ணாடித் தகட்டுல வச்சு நாங்க ஊத்துறோமே, அதேதான். முதல்ல படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

ஆனா அதுக்குப் பூச்சி சாகணும். கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணு.

என் பொண்ணுக்கு ஆறு வயசு. டப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்த நாள்ல இருந்து அவதான் தினமும் எட்டிப் பாத்தா. பூச்சி வந்ததும் பெயரும் வச்சுட்டா (வெளியே சொல்லக்கூடாதாம்). "அம்மா, நாளைக்கு மரத்துல விட்டுடலாமா?"ன்னு கேட்டா. வளர்ந்த பூச்சியா இதுங்க எப்படியும் சில நாள்தான் இருக்கும், அது ஒரு பதிலான்னு எனக்கே தெரியலை. விட்டா என்கிட்ட இருக்கப்போறது நாப்பது போட்டோவும் ஒரு யூகமும். ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன். இன்னொரு விஷயமும் இருந்தது: அந்தச் சுவரை ஒட்டி வண்டி நிறுத்த ஷெட் போடப்போறாங்கன்னு ஏற்கெனவே பேச்சு வந்துடுச்சு. அடுத்த நவம்பர்ல மரம் இருக்கும்கிற நிச்சயம் இல்லை.

காலையில ஃப்ரீசர்ல வச்சேன். வீட்டு ஃப்ரீசர்லதான், ஆஸ்பத்திரி ஐஎல்ஆர் தடுப்பூசிக்கு மட்டும், கமென்ட்ல வந்து சண்டை போடாதீங்க. பொண்ணு ரெண்டு நாள் என்கூடப் பேசலை. அவ கோபம் நியாயம்தான். என் முடிவும் மாறலை.

இதுக்கு நடுவுல போட்டோவை ஒரு பூச்சிப் பதிவுத் தளத்துல போட்டிருந்தேன். ஒரு மணி நேரத்துல ஒருத்தர் இனப்பெயரே எழுதிட்டார். மேற்கு ஆசியாவில இலந்தை வகைகள்ல ஸ்டிக்மெல்லா பேரினத்துப் பூச்சிகள் சுரங்கம் போடுறது ஏற்கெனவே பதிவாகியிருக்கு. அதுல ஒண்ணோட பெயர். "இந்தியாவில் அரிது, வாழ்த்துகள்!"ன்னு வேற. இன்னும் ரெண்டு பேர் ஒப்புக்கொண்டா அது "உறுதி" ஆகிடும். நான் ஏத்துக்கலை. அங்க மரம் வேற இனம் இலந்தை, ஊரு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, உறுப்பை யாரும் பாக்கலை. காய்ச்சல், தட்டணுக்கள் குறைவு, அதனால டெங்குன்னு எழுதற மாதிரி இது. பெரும்பாலும் சரியாக்கூட இருக்கலாம். ஆனா அந்த "பெரும்பாலும்"-ஐ ஷீட்ல எழுதாம விட்டா அடுத்து பாக்கிறவர் அதை ரிப்போர்ட்னு நினைச்சுப்பார்.

"அரிது"ங்கிற வார்த்தை மேல எனக்கு இன்னும் பெரிய புகார் இருக்கு. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஸ்க்ரப் டைஃபஸ் அரிதுன்னு நினைச்சிட்டிருந்தோம். அப்புறம் ஒரு யூனிட் சீஃப் வந்தார். காரணம் தெரியாத காய்ச்சல் ஒவ்வொருத்தருக்கும் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாக்கச் சொன்னார். சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. தேட ஆரம்பிச்ச மாசத்துல இருந்து கிடைக்க ஆரம்பிச்சது. நோய் அதே அளவுதான் இருந்திருக்கும், துணியை விலக்கிப் பாத்தவங்கதான் குறைவு.

பிரிட்டன்ல ஒரு அந்துப்பூச்சியை "நாட்டளவில் அரிது"ன்னு சொன்னா அதுக்குக் கணக்கு இருக்கு. நாட்டைப் பத்து கிலோமீட்டர் கட்டமா பிரிச்சு, 16-ல் இருந்து 100 கட்டத்துக்குள்ள மட்டும் பதிவாகியிருந்தா அந்தப் பட்டம். அதைச் சொல்ல முடியறதுக்குக் காரணம், ஒவ்வொரு கவுன்டிக்கும் பதிவாளர் ஒருத்தர் உட்கார்ந்து, ஊர்க்காரங்க அனுப்புறதை எல்லாம் சரிபார்த்து ஏத்துறார். தபால்காரர், வாத்தியார், ரிட்டயர் ஆனவங்கன்னு தேடுறவங்க நிறைய. அங்க கீழ்த்தொகை இருக்கு. நமக்கு மேல்தொகை ஒண்ணு, கீழ்த்தொகை பூஜ்யம். பார்க் புத்தகத்தைப் படிச்ச எந்த எம்பிபிஎஸ்ஸும் இதை வச்சு விகிதம் போட மாட்டாங்க.

நம்ம ஊர் குட்டி அந்துப்பூச்சிகளோட பெயர்கள் வந்த கதையையும் சொல்லணும். அதுல பெரும் பங்கு எட்வர்ட் மெய்ரிக் (1854–1938). இங்கிலாந்துல மார்ல்பரோ கல்லூரிப் பள்ளியில லத்தீன், கிரேக்கம் சொல்லிக் கொடுத்த வாத்தியார். உலகம் முழுக்க இருந்து பார்சல்ல வந்த பூச்சிகளுக்கு ஆயிரக்கணக்குல பெயர் வச்சார், பெரும்பாலும் கைலென்ஸை வச்சுக்கிட்டே. பிறப்புறுப்பை அறுத்துப் பாக்கிறதுல அவருக்கு நம்பிக்கை இல்லை. இங்கிருந்து அவருக்குப் பூச்சி அனுப்பினவர்கள்ல முக்கியமானவர் பெயின்பிரிக் ஃப்ளெட்சர். மதராஸ் மாகாணத்தோட அரசு பூச்சியியலாளரா இருந்து, 1914-ல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பத்திப் பெரிய புத்தகம் போட்டவர். அந்தக் காலத்துப் பெயர்கள்ல பலதுக்கு இன்னைக்கும் ஒண்ணு ரெண்டு மாதிரிப் பூச்சிதான் ஆதாரம், புழு எந்தச் செடியைத் தின்னதுன்னே தெரியாது. அவங்ககிட்ட பெயர் இருக்கு, செடி இல்லை. என்கிட்ட செடி இருக்கு, பெயர் இல்லை. ரெண்டும் ஒரே பூச்சியாக்கூட இருக்கலாம்.

சரி, என் பூச்சி. போட்டோவைப் பாத்து ஐரோப்பாவில இந்தக் குடும்பத்தையே ஆராயற ஒருத்தர், மாதிரியை அனுப்ப முடியுமான்னு கேட்டார். முடியாது. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அனுமதி இல்லாம இங்கத்து உயிர் மாதிரியை ஆராய்ச்சிக்கு வெளிநாட்டுக்குக் கொடுக்கக்கூடாது. அனுமதி கொடுக்கிற தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கு, ஆனா ஒத்தைப் பூச்சியைத் தூக்கிக்கிட்டு அந்தப் படி ஏற நான் தயாரில்லை. காலி மாத்திரைக் கேப்சூலுக்குள்ள பூச்சியை வச்சு (பூச்சிக்காரங்களும் இதைப் பண்ணுவாங்க, நான் கண்டுபிடிச்சதில்லை), இங்கேயே பூச்சி வகைப்பாடு பண்ற ஒரு ஆய்வாளர் கிட்ட நேர்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். கேஓஎச் என் லேப்லயும் இருக்கு. ஆனா ஒரே பேஷன்ட், முதல் ஆபரேஷன், அந்த ரெண்டும் சேரக்கூடாது.

மூணு வாரம் கழிச்சு அவர் போன் பண்ணினார். "மேடம், பெண் பூச்சி." ஆண் உறுப்போட வடிவம்தான் இந்தக் கூட்டத்துல இனத்தைப் பிரிக்கிறதுக்கு முக்கியமான சாவி. பெண்ணை வச்சு இந்தப் பகுதிக்கு ஒப்பிட அவர்கிட்ட ஒண்ணும் இல்லை. "பேரினம் பெரும்பாலும் ஸ்டிக்மெல்லா. அதுக்கு மேல நான் கையெழுத்துப் போட மாட்டேன்"ன்னார். ஒரு காலை மட்டும் தனியா எடுத்து சுத்த ஆல்கஹால்ல போட்டு வச்சிருக்கார். நாளைக்கு ஒரு ஆண் கிடைச்சா, ரெண்டும் ஒரே இனம்தானான்னு டிஎன்ஏ பாத்துச் சொல்ல அந்தக் கால் போதும். ஏமாற்றமா இருந்ததான்னு கேட்டா, இருந்தது. ஆனா "இதுக்கு மேல சொல்ல மாட்டேன்"ன்னு ஒரு நிபுணர் சொல்றதைக் கேக்க எனக்கு எப்பவுமே பிடிக்கும். ரெஃபர் பண்ணின இடத்துல இருந்து அப்படி ஒரு வரி வந்தா அந்த டாக்டரை நம்பலாம்.

பொங்கல் முடிஞ்ச வாரம் ஜேசிபி வந்தது. ஷெட் வேணும், நோயாளிகளோட வர்றவங்க வண்டியை ரோட்டுல நிறுத்திட்டு அடிபட்டிருக்காங்க, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேஸ்திரி அண்ணன்கிட்ட வேரோட பிடுங்காம அடியில ரெண்டடி விட்டு வெட்ட முடியுமான்னு கேட்டேன். "பழத்துக்கா டாக்டரம்மா?"ன்னார். ஆமான்னுட்டேன். பூச்சிக்குன்னு சொன்னா வேரோட போயிருக்கும்.

வெட்டின கிளைகள்ல இருந்து சுரங்கம் இருந்த இலையா பாத்து இருபத்தேழு எடுத்து, தாளுக்கு நடுவுல வச்சு பார்க் புத்தகத்துக்குள்ள அமுக்கி வச்சிருக்கேன். அந்த கனத்துக்கு அது நல்ல பிரஸ். காஞ்ச இலையை என்ன பண்ணப்போறேன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு கதை. ஐரோப்பாவில குதிரைச் செஸ்ட்நட் மரத்தோட இலையைத் தின்னு கோடையிலேயே மரத்தைப் பழுப்பாக்குற ஒரு சுரங்கப் பூச்சி இருக்கு, கமெராரியா ஓரிடெல்லா. 1980-கள்ல மாசிடோனியாவில ஓரிட் ஏரிப் பக்கம் கவனிச்சாங்க, 1986-ல் பெயர் வச்சாங்க. எங்கிருந்து வந்ததுன்னு பெரிய குழப்பம். 2011-ல் சில ஆய்வாளர்கள் பழைய ஹெர்பேரியத் தாள்களைப் புரட்டினாங்க. 1879-ல் கிரீஸ்ல தாவரவியலாளர் ஒருத்தர் மரத்துக்காகப் பறிச்சு அமுக்கி வச்ச இலையில அதே சுரங்கம், உள்ளே நசுங்கின புழு, அதுல இருந்து டிஎன்ஏ. பால்கன் மலைகள்ல நூறு வருஷத்துக்கு முன்னாடியே அது இருந்திருக்கு. இலையைப் பறிச்சவருக்கு அந்தப் பூச்சியைப் பத்தி எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. தேதியும் ஊரும் எழுதி வச்சார், அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் கேம்ப் போற ஊர்ல எல்லாம் இலந்தை மரத்தைத் தேட ஆரம்பிச்சேன். ஏரிக்கரை, சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூட வேலி. மார்ச் கடைசி வரைக்கும் முப்பத்தொரு மரம். ரெண்டுல காலியான பழைய சுரங்கம், இருபத்தொன்பதுல ஒண்ணும் இல்லை. அந்த இருபத்தொன்பதையும் நோட்டுல எழுதியிருக்கேன், தேதி, இடம், ஒரு மரத்துக்கு எத்தனை இலை பாத்தேன் எல்லாம். கீழ்த்தொகை அங்க இருந்துதான் தொடங்கணும்.

பதிவுல நான் எழுதினது இவ்வளவுதான்: நெப்டிகுலிடே, பேரினம் ஸ்டிக்மெல்லாவாக இருக்கலாம், இனம் தெரியவில்லை. செடி இலந்தை. சுரங்கம் இலையின் மேல்பக்கம், எச்சம் நடுக்கோடாக. புழு மஞ்சள் கலந்த வெளிர்பச்சை, மேல்பக்கம் கிழித்து வெளியேறியது. வளர்த்துக் கிடைத்தது ஒரு பெண், ஒரு ஒட்டுண்ணிக் குளவி. தளத்துல அந்த வாழ்த்துச் சொன்னவர் "பெயர் போடாம விட்டா யாரும் பாக்க மாட்டாங்களே"ன்னு எழுதினார். உண்மைதான், இதுவரை பதினோரு பேர் பாத்திருக்காங்க.

வெட்டின அடிமரத்துல இப்ப முழ நீளத்துக்குத் துளிர் வந்திருக்கு. இலந்தை லேசுல சாகாது. இலையில இன்னும் கோடு எதுவும் இல்லை, வாரம் ஒருதரம் பாக்கிறேன். பொண்ணும் வர்றா, பூச்சி வந்தா இந்த முறை முதல் ரெண்டை விட்டுடணும்னு ஒப்பந்தம்.

உங்க ஊர்ல இலந்தை இருந்தா மழை முடிஞ்சு துளிர்க்கிற சமயத்துல இலையோட மேல்பக்கத்தைப் பாருங்க. நூல் மாதிரி கோடு இருந்தா வெயிலுக்கு எதிரா பிடிச்சு ஒரு போட்டோ, கூடவே பக்கத்துல ஸ்கேல். ஊர், தேதி, எத்தனை மரம் பாத்தீங்க, எத்தனைல இருந்தது. இல்லைன்னாலும் எழுதுங்க. டிஎம் திறந்துதான் இருக்கு. எனக்கு ஒரு ஆண் பூச்சி வேணும்.